சிங்கத்தின் வக்கீல்

அப்பா கதவைத் தாங்கிப் பிடித்திருந்தார். நான் கீல் ஆணியைத் தட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளை வண்டிக்குப் பச்சைக் கதவு. பழைய இரும்புக் கடையில் அந்த ஒன்றுதான் அளவுக்குக் கிடைத்தது.

"நிறம் கெடக்கட்டும். சாத்துதான்னு பாரு," என்றார்.

சாத்தியது. அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை, அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள், அவருடைய இதயம் நின்றுவிட்டது. நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அந்தக் கதவு.

பழைய கதவு போன கதையைச் சொல்லி ஊரே சிரித்தது. என் அப்பா அபெலினோ மன்சீயா, சிலியின் தென்கோடி மலையில் வெளியூர்க்காரர்களுக்குச் சிங்கம் காட்டுகிறவர். பூமாவை எங்கள் பக்கம் சிங்கம் என்றுதான் சொல்வோம். வண்டியில் ஏறுகிற எல்லோருக்கும் அவர் சொல்லும் முதல் பாடம் கதவைப் பற்றியது.

"காத்து எந்தப் பக்கம்னு பாக்காம கதவைத் தொறக்காதீங்க. வண்டி மூஞ்சியைக் காத்துக்குக் காட்டி நிக்கணும். முதுகைக் காட்டினா கதவு அர்ஜென்டினா போய்ச் சேர்ந்துடும்."

பதினைந்து வருடம் இதைச் சொன்ன மனிதர், போன மாதம் அரைக்காது என்ற பெண் சிங்கம் இரண்டு குட்டிகளோடு சாலையைக் கடப்பதைப் பார்த்தார். வண்டியை நிறுத்திய இடத்திலேயே, காற்றுக்கு முதுகு காட்டியபடி, கதவைத் திறந்துவிட்டார். கதவு பிய்ந்து, நாலைந்து முறை புரண்டு, ஏரியில் விழுந்தது. அரைக்காது குட்டிகளோடு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தது. வண்டியில் இருந்த கொரியத் தம்பதி சிங்கத்தை விட்டுவிட்டுக் கதவைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை வாங்கிச் சமையலறையில் மாட்டியவர் அப்பாதான்.

நான் காற்றாலைகளில் பழுது பார்ப்பவள். அன்றைய காற்றின் வேகம் என்னிடம் இருந்தது.

"மணிக்கு நூத்திப் பத்து கிலோமீட்டர்ப்பா."

"இதை இப்ப சொல்லு. கதவு நீந்திக்கிட்டிருக்கு."

சிங்கம் காட்ட ஆரம்பிப்பதற்கு முன் இருபது வருடம், செம்மறிப் பண்ணைகளுக்காக, வேட்டை நாய்களோடு போய்ச் சிங்கம் சுட்டவர் அவர். அதை யாரிடமும் மறைத்ததில்லை. "அதே கண்ணு, அதே காலு. துப்பாக்கிக்குப் பதிலா தூரக்கண்ணாடி. வெயிட்டு கம்மி," என்பார்.

ஆனால் அவர் சிங்கத்தைத் தேடி நான் பார்த்ததில்லை. பாறைக்குக் கீழே காற்றுப்படாமல் உட்கார்ந்து, மேயும் குவானாகோக் கூட்டத்தை, எங்கள் மலையின் திமிலில்லாத சின்ன ஒட்டகங்களை, மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். கூட்டத்துக்கு ஒன்று மேட்டில் நின்று காவல் காக்கும். அது கனைத்துக் கழுத்தை நீட்டினால், நீட்டிய பக்கம் கை காட்டுவார். அங்கே புல்லுக்குள் இரண்டு காதுகள் தெரியும்; அரைக்காது என்றால் ஒன்றரை.

"எப்படி இவ்வளவு சரியா?" என்று கேட்பார்கள்.

"அதுக்கு உயிர் பயம், அது ஒழுங்கா பாக்கும். எனக்குப் பசி. நான் பாத்தா தப்பாயிடும்," என்று ரொட்டியை எடுப்பார்.

அரைக்காதுதான் அவருக்கு வம்பு. சிங்கங்கள் இருக்கும் தேசியப் பூங்காவின் எல்லைக்கு அந்தப் பக்கம் எடெல்மிராவின் செம்மறிப் பண்ணை. இந்த வசந்தத்தில் அவள் பட்டியில் ஒன்பது ஆடுகளை அது அடித்துவிட்டது. நாய்களோடு ஓர் ஆளை வரவழைக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள். சட்டம் விடாது. அந்த மலையில் சட்டம் ஏறி வருவதும் இல்லை. அப்பா அவள் வீட்டுக்குப் போனார். நானும் கூட இருந்தேன்.

"வாங்க, சிங்கத்துக்கு வக்கீலே! கட்சிக்காரி நல்லாயிருக்காளா?"

"நீ போடுற சாப்பாட்டுல கொழுத்துப் போயிருக்கா."

"எங்கப்பா காலத்துல அதுங்களைச் சுட இங்கதான்யா வந்த, கூலி வாங்கிட்டு."

"அதனாலதான் சொல்றேன் எடெல்மிரா. ஒண்ணைச் சுட்டா அந்த எடத்துக்கு ரெண்டு வரும், எளசா, அனுபவம் இல்லாம. அதுங்க ஒன்பதோட நிக்காது. காவல் நாய்க்குட்டி ஒண்ணு தர்றேன். ஆட்டோடயே வளர்ந்த குட்டி."

அவள் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை ஆள் வர்றான். அதுக்குள்ள குட்டி என் பட்டியில இருந்தா, அவனை வாசலோட திருப்பி அனுப்பிடறேன்."

குட்டி ஏற்கெனவே எங்கள் கொட்டகையில், மூன்று செம்மறிகளுக்கு நடுவே இருந்தது. வெள்ளைப் பஞ்சு மூட்டை. அதை யாரும் தடவக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, மடியில் வைக்கக் கூடாது. மனித வாசம் பிடித்துவிட்டால் ஆட்டை விட்டுவிட்டு மனிதர் பின்னால் வந்துவிடும். தெருநாய்க்கும் முத்தம் கொடுக்கிறவர் அப்பா. ஆனால் இந்தக் குட்டி முனகினால் இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டு பட்டிக்கு வெளியே நிற்பார்.

"அழாதடா. உங்கம்மா அங்க நிக்கிறா பாரு, கம்பளி போட்டுக்கிட்டு."

அடக்கம் நேற்று நடந்தது. எடெல்மிரா வந்திருந்தாள். கல்லறையிலிருந்து நேராகக் கொட்டகைக்குப் போய்க் குட்டியைப் பார்த்தாள். தொடவில்லை.

"பேரு?"

"வைக்கலை."

"வேட்டைக்கு வர்றவனுக்குச் சொல்லி அனுப்ப முடியாது. மலைக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து கெளம்பியிருப்பான். நாளைக்குக் காலையில என் வாசல்ல நிப்பான்," என்றாள். பிறகு, "உங்கப்பா சொன்னா சொன்னதுதான்னு நெனச்சேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

இன்று ஞாயிறு. விடிந்து கொஞ்ச நேரம் ஆகிறது. அவள் பட்டிக்கு நாற்பது கிலோமீட்டர். குட்டியைத் தொடாமல் வண்டியில் ஏற்றுவது எப்படி என்று அப்பா சொல்லிவிட்டுப் போகவில்லை. வண்டியின் பின்பலகையை இறக்கிச் சாய்த்து, கிழட்டுச் செம்மறியைக் கயிற்றால் இழுத்து மேலே ஏற்றினேன். குட்டி ஒரு முறை குரைத்தது. பிறகு என் காலைத் தாண்டி, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஆட்டின் பின்னால் பலகையில் ஓடி ஏறியது.