ஈர வேட்டியோடு ஏறிய எடை

குற்றாலத்தில் வண்ண விளக்குகள் சுழல நின்ற அந்தக் காசு போடும் எடை மெஷினை நினைத்தாலே, சாரலுக்குக் குரங்குக் குல்லா போட்டு அதைக் காவல் காத்தவர்தான் கண்முன்னால் வருகிறார். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களை அவர் ஈரத்தோடு ஏறவே விடமாட்டார்.

"துவட்டிட்டு ஏறுங்க. அருவியையும் சேத்து நிறுத்துக் காட்டிரும்."

மஞ்சள் காமாலையில் இளைத்துப்போன என்னை அந்த சீசனுக்கு மனைவி கூட்டி வந்திருந்தாள். ஒவ்வொரு நாளும் எடைச்சீட்டைப் பார்த்து அவள் முகம் வாடும். ஊருக்குக் கிளம்பும் அன்று நான் துவட்டப் போனபோது அவர் என் காதருகே குனிந்தார்.

"இன்னைக்கு அப்படியே ஏறுங்க அண்ணாச்சி. மதினி பாத்துக்கிட்டுல்லா இருக்காவ."

ஏறினேன். சீட்டு விழுந்தது. அவள் சிரித்துவிட்டாள். என் வேட்டியில் சொட்டிய தண்ணீரை அவளும் பார்த்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அவரோ அதற்குள் அடுத்தவரைத் தடுத்துக்கொண்டிருந்தார்.

"துவட்டிட்டு ஏறுங்க."