அம்பாவுக்குப் பதில்குரல்

சண்டைக் காலத்தில் துறைமுகத்து டொக்யார்டில் குண்டு விழுந்த அன்று என் கணவரும் அவருடைய தம்பியும் அங்கே கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். தம்பி அந்த இடத்திலேயே செத்துப்போனான். தலையில் கட்டோடு இவரை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஊரான சல்லிக்குக் கொண்டுவந்தபோது வலது கை வழங்கவில்லை, பேச்சும் இல்லை.

"தம்பீன்ரை கதையை அவனுக்குச் சொல்லிப்போடாதை. இருக்கிற உயிரும் போயிடும்" என்றார் மாமி. தம்பி கிண்ணியாவில் வேலைக்கு நிற்கிறான் என்று தன் மகனிடம் சொல்லிவைத்தார்.

தண்ணீர் வேண்டுமென்று கேட்கக்கூட முடியாமல் அவர் கண் கலங்குவார்.

ஒருநாள் காலை கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை இழுக்கப் பாடுவது அம்பா. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று பதில் சொல்லி இழுப்பார்கள். எங்கள் கரையில் அடி எடுப்பவர் இவர். முதல் பதில் தம்பியுடையது. அன்று பாட்டுச் சத்தம் வீடுவரை கேட்டது. பாயில் கிடந்த மனிதர் தெளிவாக 'ஏலேலோ' என்றார். நான் குசினியில் அடுப்பை அப்படியே விட்டு ஓடிவந்தேன்.

அன்றுமுதல் நான் அடி எடுத்துக் கொடுத்தேன். தூணில் கயிற்றைக் கட்டி, மறுநுனியை அவருடைய வலது கையில் பிடிக்கவைத்து, பாடிப் பாடி இழுக்கவைத்தேன். தண்ணீரையும் சோற்றையும் அந்த மெட்டிலேயே கேட்கப் பழக்கினேன். பெண்பிள்ளை அம்பா பாடினால் மீன் படாது என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்ல வந்தாள்.

"மீன் படாட்டில் போகட்டும். எனக்கு இந்த மனிசன் கதைக்கவேணும்" என்றேன். அவள் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை, நல்லதாய்ப் போயிற்று.

விரல்கள் மெல்ல மடங்கின. சொற்களும் வந்தன, ஆனால் பாட்டில் மட்டும். நான் தொடங்காவிட்டால் அவர் வாய் திறக்கமாட்டார். அவராகத் தொடங்கவேண்டும் என்று கும்பிடாத தெய்வமில்லை.

ஒருநாள் தொடங்கினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பழைய குரலில், ஓர் அடி முழுவதும் பாடினார். நான் அழுதுகொண்டே 'ஏலேலோ' என்றேன். அவர் கயிற்றை விட்டுவிட்டு, அந்த வலது கையாலேயே என் வாயைப் பொத்தினார். அதே அடியை மறுபடி பாடினார். வாசலைப் பார்த்தபடி காத்திருந்தார்.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் கையை மெல்ல விலக்கினேன்.

"இஞ்சாருங்கோ, தம்பி வரமாட்டான். அண்டைக்கே செத்துப்போனான்."

"ஓம்" என்று தலையாட்டினார்.

குண்டு விழுந்த பிறகு பாட்டில்லாமல் அவர் பேசிய முதல் வார்த்தை அது.