டேப்பக்காவின் கத்தரி

அமிலத் தொட்டி கழுவும் அந்த ஆலையில் அவளை எல்லாரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொட்டிக்குள் இறங்குகிறவர்களுக்கு ரப்பர் உடுப்பையும் முகமூடியையும் மாட்டி, முதுகு ஜிப்பின்மேல் அகல டேப்பை ஒட்டுவது அவள் வேலை. உள்ளே இருப்பவன் தானாகக் கழற்ற முடியாது. மேஸ்திரி விசில் ஊதினால்தான் அவள் இடுப்புக் கத்தரியை எடுக்கலாம். மேஸ்திரி போட்ட சட்டம் அது.

அந்தச் சட்டம்தான் அவள் தம்பியைத் தின்றது. கோடை மத்தியானம் அவன் உள்ளேயிருந்து தட்டு தட்டென்று தட்டினான். "கொஞ்சம் வேர்த்தா செத்தா போயிடுவான்?" என்ற மேஸ்திரி விசிலைத் தொடவில்லை. கடைசியில் வெளியே எடுத்தபோது தம்பிக்குக் கால் பின்னியது, நாக்குக் குழறியது. ஆஸ்பத்திரி வழியிலேயே போய்ச் சேர்ந்தான். குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று மேஸ்திரி ஊரெல்லாம் பரப்பிவிட்டான். சோடாகூட மூக்கில் ஏறும் என்று தொடாத பிள்ளை அவன்! அவன் மகளைப் பள்ளிக்கூடத்தில் குடிகாரன் மகள் என்றார்கள்.

சொன்ன வாயே அதை விழுங்க வேண்டும், அதுவரை இந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு டேப் ஒட்டினாள்.

அதற்கும் ஒரு நாள் வந்தது. தொட்டியைப் பார்க்க முதலாளி வந்திருந்தார். அவர் முன்னால் வீரம் காட்ட மேஸ்திரி தானே உடுப்பை மாட்டிக்கொண்டான். ஜிப்பை இழுக்கும்போதே அவள் பார்த்துவிட்டாள், விசில் அவன் கழுத்திலேயே, உடுப்புக்குள் தொங்கியது. டேப்பை ஒரு அடுக்குக் கூடுதலாகவே ஒட்டினாள்.

அவன் தொட்டிக்குள் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. கழற்றிவிடச் சொன்னார் முதலாளி.

"விசில் இல்லாம கத்தரி எடுக்கக் கூடாதுங்க ஐயா. மேஸ்திரி உத்தரவு."

கூட நின்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி தள்ளாடி ஏணியேறி வந்து அவள் காலடியில் சரிந்தான். அவள் முகமூடியை மட்டும் உரித்தாள்.

"குடிச்சிருக்கீங்களா மேஸ்திரி?"

"இல்ல... சூடு..." நாக்குக் குழறியது.

"என் தம்பி?"

கத்தரி அவன் கண்ணெதிரே இருந்தது.

"அவனும் குடிக்கல... சூடுதான்... நான்தான் விடல."

"முதலாளிக்குக் கேக்கல."

மறுபடி சொன்னான். அப்புறம்தான் பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரே கிழி கிழித்தாள். தண்ணீரை மற்றவர்கள் ஊற்றினார்கள். அவள் குவளையைத் தொடவில்லை.

பிழைத்துக்கொண்டான். இப்போது யார் தட்டினாலும் அவள் உடனே வெட்டிவிடுவாள், விசிலுக்குக் காத்திருப்பதில்லை. காலையில் மேஸ்திரி வாசலில் நுழையும்போது மட்டும், எல்லார் காதிலும் விழும்படி ஒன்று கேட்பாள்:

"இன்னைக்குக் குடிக்கலையே மேஸ்திரி?"