பரவாயில்லை

ஜெர்மனியில் யாரும் போகிற போக்கில் நலம் விசாரிப்பதில்லை. கேட்டால் நின்று, பதிலை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்ப்பவள் ஹைகே. ஸ்ரீரங்கத்தில் அப்பா பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து என்னிடம் அவரைப் பற்றிக் கேட்கிற ஒரே ஆள். ஒருநாள் காலை, "அப்பாவுக்கு எப்படி இருக்கிறது?" என்றாள். தமிழில் யோசித்து ஜெர்மனில் பேசுகிற அவசரத்தில் "மாஹ்ட் நிஷ்ட்ஸ்" என்றேன். பரவாயில்லை என்பதற்கு வகுப்பில் அப்படித்தான் படித்தேன். அவள் முகம் மாறிவிட்டது. 'அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை' என்று பெற்ற அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் என்பது வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் உறைத்தது.

பரவாயில்லை என்பது அம்மாவின் சொல். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, தொழிற்சாலையில் வெல்டராக இருந்த அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சாப்பாட்டு மேஜையில் நாவல் எழுதுவார். ஒரே நாவல்தான், என் பள்ளிக்காலம் முழுக்க. பதிப்பகத்துக்கு அனுப்பினால் கட்டு அப்படியே திரும்பி வரும். இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டார். அம்மா கட்டைப் பிரித்து, மடங்கின ஓரங்களை நீவிவிட்டு, "பரவால்லங்க, இன்னொரு தடவ எழுதிப் பாருங்க" என்பாள். அவரும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். எனக்கு எரிச்சலாக வரும். மேஜை கிடைக்காமல் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் நான்.

இப்போது அவருக்கு வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. அந்தக் குழறல் அம்மாவுக்கு மட்டும்தான் புரியும். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, துணி மாற்றி, பிறகு அவர் சொல்லச் சொல்ல நாவலை எழுதுகிறாள். படித்தது எட்டாம் வகுப்பு. ல, ள, ழ மூன்றும் அவளுக்கு ஒன்றுதான்.

ஜெர்மனியில் தங்குவதற்கான என் அனுமதி கார்டு புதுப்பிக்கப் போயிருக்கிறது. அது வருமுன் கிளம்பினால் திரும்பி வந்து வேலையில் சேர்வது சந்தேகம். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வரும் அம்மாவின் குரல் ஒன்றைத் தவிர என் அறையில் வேறு குரல் கேட்பதில்லை. "வந்துடவாம்மா?" என்பேன். "பரவால்லடி, கார்டு வரட்டும்" என்பாள். அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

போன ஞாயிறு புதிதாக எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். நாவலில் வரும் மனைவியிடம் பக்கத்து வீட்டுக்காரி நலம் விசாரிக்கிற இடம். 'பரவாயில்லை' என்று எழுதி அடித்திருந்தது. மேலே அம்மாவின் கோணல் எழுத்தில், 'என்னால முடியள.'

உடனே போன் போட்டேன். "இது யாரு சொன்னதும்மா?"

"அப்பாதான் அடிக்கச் சொன்னாரு. நெசமா நீ என்ன சொல்லுவியோ அத எழுதுன்னாரு. கதைதானடி அது." உடனே பேச்சை மாற்றினாள். "நீ எப்படி இருக்க?"

"பரவால்லம்மா."

மறுநாள் நானே ஹைகேயைத் தேடிப் போனேன். "நிஷ்ட் கூட்" என்றேன். நன்றாக இல்லை, அம்மாவால் முடியவில்லை, என்னாலும்தான். அம்மாவிடம் சொல்ல வராதது இரவல் மொழியில் மளமளவென்று வந்துவிட்டது. ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்பதையும் சொன்னேன்.

"கார்டு வரவில்லையே. திரும்பி வர முடியாமல் போனால்?" என்றாள்.

"மாஹ்ட் நிஷ்ட்ஸ்" என்றேன். எந்த ஊர் அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.