அப்பா தூங்கும்போது படித்த வாய்ப்பாடு

பெரியவனே, சின்னவளே, வருகிற திங்கட்கிழமையிலிருந்து உங்களுக்குப் பாடம் சொல்லித்தர ஓர் அக்கா நம் வீட்டுக்கு வரப்போகிறார். குன்றத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். அவர் வந்து உட்கார்ந்ததும் பாடத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கமாட்டேன். கேட்கவும் எனக்குத் தெரியாது. "எங்க வூட்ல உனுக்கு இன்னா கஷ்டமோ அத மொதல்ல சொல்லிடும்மா" என்றுதான் கேட்பேன். நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். சிரியுங்கள். அதற்கு முன்னால் எனக்கு ட்யூஷன் வைத்த கதையைப் படித்துவிடுங்கள்.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம். உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் நைட் ஷிஃப்ட்டில் நிரந்தரமாக இருந்தார். காலையில் வந்து ரேஷன், தண்ணீர், கரண்ட் பில் என்று எல்லாம் முடித்துவிட்டு, மதியம் சோறு தின்று படுத்தால் இருட்டுகிற நேரத்தில்தான் எழுப்ப வேண்டும். வீடு என்பது ஒரு ரூமும் ஒரு சமையல்கட்டும். ஆகவே அப்பாவின் தூக்கத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து காவல் காத்தோம். குக்கர் விசில் அடிப்பதற்குள் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். கதவுக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவாள். தும்மல் வந்தால் நான் தெருவுக்கு ஓட வேண்டும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும். ஆறாவதுக்கு இரண்டே வழி. ஒன்று, ஸ்ரீபெரும்புதூரில் கோயில் பக்கமிருந்த ஒரு பள்ளிக்கூடம். அங்கே பெரிய டீச்சரம்மா ஒவ்வொரு பிள்ளையையும் தன் எதிரில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டுத்தான் சேர்ப்பார். இன்னொன்று, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த பள்ளிக்கூடம். அதற்குப் போக, கார்களை அடுக்கிக்கொண்டு வரும் நீளமான லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்ட வேண்டும். எங்கள் தெருப் பையன் ஒருவன் அங்கே அடிபட்டுக் கால் வளைந்து நடந்துகொண்டிருந்தான். "இவன் அந்த ரோட்டத் தாண்டக் கூடாது" என்று அம்மா ஒரே முடிவாக இருந்தாள். எனக்கோ வாய்ப்பாடு நாலுக்கு மேல் ஏறவில்லை.

அதற்காகத்தான் ட்யூஷன் சார் வந்தார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். டிப்ளமோ படித்துவிட்டு அப்பாவின் கம்பெனியிலேயே காலை ஷிஃப்ட்டில் அசெம்பிளி லைனில் நின்றார். எங்கள் பின்தெருவில் நண்பர்களோடு ஒரு ரூமில் இருந்தார். அப்பா கம்பெனி கேட்டில் அவரைப் பார்த்து, பையனைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறார். அவர் உடனே தலையாட்டியிருக்கிறார். அவருடைய நல்ல குணமும் அதுதான், கெட்ட குணமும் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

முதல் நாள் சாயங்காலம் சார் தொண்டையைச் செருமி, "ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லு பாப்பம்" என்றார். சமையல்கட்டிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து, உதட்டின்மேல் விரலை வைத்து, சுவரோரம் பாயில் கிடந்த அப்பாவைக் காட்டினாள். சார் தலையாட்டினார். வாசலில் வைத்துச் சொல்லித் தரட்டுமா என்று கேட்டிருக்கலாம். நேரத்தை மாற்றலாமா என்று கேட்டிருக்கலாம். ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் ட்யூஷன் காற்றில் நடந்தது.

தலையோடு தலை முட்டும்படி உட்காருவோம். அவர் உதட்டைப் பார்த்தே எனக்கு இங்கிலீஷ் வார்த்தை விளங்கும். என் உதட்டைப் பார்த்தே அவருக்கு என் தப்பு விளங்கும். தப்பாகச் சொன்னால் முழங்காலுக்கு மேலே ஒரு கிள்ளு. அழுவதைக்கூடச் சத்தமில்லாமல் பழகிக்கொண்டேன். பொய் சொல்லவில்லை, அப்படியே பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் ஏறிவிட்டேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்துதான் ராகம் போட்டுச் சொல்வோம். அங்கே என் வாய் அசைந்தால் போதும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அம்மா அவ்வப்போது வாசலில் அவரை நிறுத்தி, பையன் எப்படி என்று கேட்பாள். "ஜோரா படிக்கான்க்கா" என்பார். அது உண்மைதான். அப்பாவிடம் மட்டும் அவர் உட்கார்ந்து பேசியதே இல்லை. அவர் வரும்போது அப்பா தூங்குவார். அப்பா எழும்போது அவர் போயிருப்பார். ஷிஃப்ட் மாறுகிறபோது கேட்டில் கையைத் தூக்கிக்கொள்வதோடு சரி.

கோடையில் அப்பா என்னை ஸ்ரீபெரும்புதூருக்கு அழைத்துப் போனார். ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்தார். பெரிய டீச்சரம்மா எட்டாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். சொன்னேன். "சொல்லுப்பா" என்றார். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். அவர் மேஜைக்கு மேலே குனிந்து, "என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்றார். பக்கத்தில் நின்ற அப்பா என் முதுகில் தட்டி, "சொல்றா" என்றார். அப்பா பக்கத்தில் இருக்கும்போது எப்படிச் சத்தம் வரும்? அவர் இருக்கும் இடத்தில் குரல் எழக் கூடாது என்பதுதானே அந்த ட்யூஷனில் நான் படித்த முதல் பாடம். எனக்கு உதடுதான் ஆடியது. டீச்சரம்மா பேனாவை மூடிவிட்டார். பையனுக்கு ஒன்றும் வரவில்லை, சேர்க்கிற கடைசி நாள் அடுத்த வாரம் வருகிறது, வேண்டுமானால் அன்றைக்கு ஒரு தடவை கூட்டி வாருங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் அப்பா படுக்கவில்லை. சாருக்காக உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தம்பி சொல்லிக் குடுத்தே இம்மாம் நாளு? எட்டாம் வாய்ப்பாடு தெரில இவனுக்கு."

"அவனுக்கு எல்லாம் தெரியும் அண்ணாச்சி. இப்பவே கேட்டுப் பாருங்க."

நான் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் சார் சந்தோஷமாகத் தலையாட்டினார். அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுக்குப் பேய் கீய் பிடித்துவிட்டதா என்று நினைத்திருப்பார். கடைசியில் தன் காதை என் வாயருகே கொண்டுவந்து வைத்தார். எட்டாம் வாய்ப்பாடு முழுவதும் அங்கேதான் அவருக்குக் கேட்டது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

அப்பா எழுந்து பாயைச் சுருட்டினார். "நாளைலேர்ந்து நீ இங்க வந்து நல்லா கத்து. நான் உன் ரூம்ல போய்ப் படுத்துக்கறேன்."

சார் முகம் மாறியது. "அங்க வந்து, அண்ணாச்சி..." என்று இழுத்தார்.

"அங்க இன்னா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்று தலையாட்டினார்.

மறுநாள் அப்பா பாயோடு பின்தெருவுக்குப் போய்விட்டார். சாரும் நானும் காலியான சுவரைப் பார்த்தோம். சார் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. நானும் காற்றாலேயே பதில் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மிக்ஸியைத் தூக்கி வந்து எங்கள் பக்கத்தில் வைத்து, ஊறின அரிசியைப் போட்டு ஓடவிட்டாள். "இத்த மீறி எனுக்குக் கேக்கணும். கேக்கலன்னா நிறுத்த மாட்டேன்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் தோசை. சார் கத்தினார், நான் கத்தினேன், மிக்ஸி கத்தியது. முதலில் என் குரல் நடுவில் உடைந்து உடைந்து போனது. அம்மா கையைக் காதருகே வைத்து, இன்னும், இன்னும் என்று காட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "யார்ன்னா செத்துட்டாங்களாடி?" என்று கேட்டாள். இல்லை, பையன் பதிமூன்றாம் வாய்ப்பாடு படிக்கிறான் என்று அம்மா சொன்னாள்.

இருட்டுகிற நேரத்துக்கு அப்பா பாயோடு திரும்பி வருவார். கண் இரண்டும் மிளகாய் மாதிரி சிவந்திருக்கும். என்னோடு பேசமாட்டார். தோசையைப் பிட்டு வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டால்தான் வாயில் வைப்பார். என்மேல் கோபம் இன்னும் தீரவில்லை என்று எனக்கு உறுதியாகப் பட்டது. சரி, உங்கள் காது கிழிகிற மாதிரி சொல்லிக்காட்டுகிறேன் என்று நான் மனசுக்குள் கறுவிக்கொண்டேன். மறுநாள் மிக்ஸியே தோற்றுப்போகும்படி கத்துவேன்.

கடைசி நாளும் வந்தது. இந்தத் தடவை டீச்சரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அப்பா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். "பன்னெண்டாம் வாய்ப்பாடு" என்றார் டீச்சரம்மா. வாயைத் திறக்கும் முன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அப்பா சுவரில் தலையைச் சாய்த்து, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

என் உதடு மட்டும் அசைந்தது. அப்பா தூங்குகிறார். இத்தனை மாதம் நாங்கள் காத்த தூக்கம் அது. டீச்சரம்மாவின் பேனா மேஜையில் ஒரு தட்டு தட்டியது. கண்ணை மூடிக்கொண்டேன். மிக்ஸி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். "ஓர் பன்னெண்டு பன்னெண்டு" என்று தொடங்கிய சத்தத்தில் அடுத்த ரூமிலிருந்து ஒரு கிளார்க் ஓடி வந்துவிட்டார். நான் நிறுத்தவில்லை. பன்னிரண்டு முடித்து, யாரும் கேட்காமலே பதிமூன்றையும் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது டீச்சரம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே அப்பா அசையவில்லை. கிளார்க் போய்த் தோளை உலுக்கித்தான் எழுப்பினார். டீச்சரம்மா, "சேத்துக்கறோம். வகுப்புல மட்டும் கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லுங்க" என்றார். அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டார். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் என் தோளிலேயே சாய்ந்து மறுபடியும் தூங்கினார். எனக்கு அழுகையாக வந்தது. தொண்டை கிழியக் கத்தியும் இந்த மனுஷனுக்குக் கேட்கவில்லையே, பிள்ளை என்ன ஆனான் என்றுகூட விழித்திருந்து பார்க்கவில்லையே என்று, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

சார் கொஞ்ச நாளில் ஓசூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். நான் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ. படித்து, கம்பெனிக்குப் போனேன். உங்கள் தாத்தாவை இப்போது கேட்டாலும், அந்த வாரம் நன்றாகத்தான் தூங்கினேன் என்பார். நானும் வெகுகாலம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு முதல் முதலாக நைட் ஷிஃப்ட் போட்ட வாரம், ஒரு சித்திரை மதியம், தூக்கம் பிடிக்காமல் பின்தெரு வழியாக நடந்தேன். சார் இருந்த ரூமில் "வாடகைக்கு" என்று அட்டை தொங்கியது. எதிர்க்கடை அம்மாதான் சாவி வைத்திருந்தார். வாடகைக்கு வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டு அவராகவே பேசினார். "முன்ன ஆறு பசங்க இருந்தாங்கப்பா. ஆளுக்கொரு ஷிஃப்ட்டு. பகல் பூரா ஒர்த்தன் வருவான், ஒர்த்தன் போவான், ஒர்த்தன் சமைப்பான்."

கதவைத் திறந்தேன். தலைக்கு மேலே தகர ஷீட். ஜன்னல் கிடையாது. இட்லிச் சட்டிக்குள் நுழைந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய வெல்டிங் பட்டறை. சார் "அங்க வந்து" என்று இழுத்து, சொல்லாமல் விழுங்கியது என்ன என்று அங்கே நின்றபோது எனக்குப் புரிந்தது. அப்பாவின் கண் எதனால் சிவந்தது என்றும் புரிந்தது.

கடைக்கார அம்மா போய்விட்டார். கதவைச் சாத்தினேன். சட்டையைக் கழற்றிச் சுருட்டித் தலைக்கு வைத்து, அந்த வெறுந்தரையில் படுத்துக் கண்ணை மூடினேன். பட்டறையில் இரும்பை அறுக்கத் தொடங்கினார்கள். தூக்கம் வரவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் நான் எழுந்திருக்கவும் இல்லை.