கப்பல் முடிச்சு

சித்தப்பா வீட்டுச் சுவரில் ஓர் உலகப் படம் தொங்கும். அதன் ஆணியில் ஒரு சிவப்பு நூல். கப்பல் ஒரு நாளில் போகும் தூரத்துக்கு ஒரு முடிச்சு என்று, பூகோள வாத்தியாரான அவரே போட்டது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் யார் கடல் கடந்து போனாலும் அவரிடம்தான் நாள் கேட்பார்கள். நூலை நீட்டி, முடிச்சை எண்ணிச் சொல்லுவார். அந்த நூல் இப்போது என் பெட்டியில் இருக்கிறது. நான் திருடி வந்தது.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து அப்பா படுக்கையில் விழுந்தார். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் அண்ணன் முகத்தை ஒரு தரம் பார்த்தால் போதும் என்றார். பிளேனில் வரச்சொல்லித் தந்தி அடிக்கும்படி அம்மா சித்தப்பாவிடம் கெஞ்சினாள். அவர் படத்தில் நூலை வைத்து ஆறு முடிச்சு எண்ணி, ரயிலுக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டார்.

“கப்பலா இருந்தா என்ன, பிளேனா இருந்தா என்ன? கடல் ஒண்ணுதான மைனி. ஏழு நாளு ஆவும். அதுவரைக்கும் எங்கண்ணன் தாங்காது.”

தம் பேச்சை மீறிச் சிங்கப்பூர் போனவன் என்று அண்ணன்மேல் அவருக்குக் கோபம் உண்டு. ஆனாலும் படித்தவர் பேச்சு, நம்பினோம். தந்தி போகவில்லை, கடிதம்தான் போனது. அப்பா ஒன்பது நாள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கொள்ளி வைத்தது சித்தப்பா.

பிறகு வந்த அண்ணன், சென்னைக்கு ஆயிரத்தெண்ணூறு மைல், பிளேனில் ஒன்பது மணி நேரம்தான், மூன்றாம் நாள் வீட்டில் இருந்திருப்பேன் என்று தலையில் அடித்துக்கொண்டான். தெரியாமல் போய்விட்டது என்றார் சித்தப்பா, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. அந்த வெற்றிலையை நான் மறக்கவேயில்லை. வஞ்சம் தீர்க்கவே பூகோளம் படித்தேன் என்றால் சிரிப்பீர்கள். படித்தேன். டீச்சரும் ஆனேன்.

ஐந்தாறு வருஷத்தில் அவர் முறை வந்தது. சித்தி காலமாகிவிட்டதால் நான்தான் போய்ப் பார்த்துக்கொண்டேன். ஒரே மகன் லண்டனில் படித்துக்கொண்டிருந்தான். அவர் உடம்பு மோசமான அன்று காலையே அவனுக்குத் தந்தி அடித்துவிட்டேன். நாலாம் நாள் வந்துவிடுவான் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை. மகன் பிளேனில் வர எத்தனை நாள் ஆகும் என்று அவர் கேட்டபோது, ஆணியிலிருந்து நூலை எடுத்தேன். சூயஸ், ஏடன் என்று வளைத்துப் பம்பாய்வரை கொண்டுவந்தேன்.

“பதினெட்டு நாளு ஆவும், சித்தப்பா.”

அவர் கண் நூலைவிட்டு நகரவில்லை. பிறகு சொன்னார்: “அது கப்பலுக்குப் போட்ட முடிச்சுல்லா, மக்கா.”

அப்படியானால் அன்றைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“கடல் ஒண்ணுதான, சித்தப்பா” என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார். மகன் மறுநாள் வந்தான்.

இன்று சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம்தான். வயதானால் இதற்கெல்லாம் வருத்தம் வரும் என்கிறார்கள். அவ்வப்போது பெட்டியைத் திறந்து நூலைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் வரவில்லை.