நம்மக்கா

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதற்கு மேல் படித்திருந்தால் யாரிடமாவது சம்பளத்துக்குக் கைகட்டி நின்றிருப்பேன். படிக்காததால் என்னிடம் பலர் சம்பளத்துக்கு நின்றார்கள். இந்த ஊரில் வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் லாரிகளில் பாதி என் பெயரில் ஓடியவை. சுமைதூக்கியாகத் தொடங்கினேன். ஒரு பியானோவைத் தனியாக முதுகில் சுமந்து மாடிக்கு ஏற்றியவன் என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். முழுக்கத் தனியாக என்று சொல்ல முடியாது, கீழே ஒருவன் பிடித்திருந்தான். ஆனால் பாரம் என் மேல்தான்.

என் பெருமையை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். இப்போது எழுதுவது பெரிய கடையின் மூன்றாம் மாடியில், பீங்கான் பிரிவில் நிற்கும் ஓர் அம்மாவைப் பற்றி. அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை.

அந்தக் கடை என் தாத்தா பிறப்பதற்கு முன்பே இருந்தது. பித்தளைக் கைப்பிடி போட்ட சுழல்கதவு. ஏறி ஏறி நடுவில் பள்ளம் விழுந்த பளிங்குப் படிகள். மடிப்புக் கம்பிக் கதவு வைத்த லிஃப்ட், அதற்குள் ஒரு முக்காலி. உள்ளே நுழைந்ததும் வாசனைத் திரவியம் மூக்கில் ஏறும். எனக்கு அந்தக் கடையைச் சின்ன வயதிலிருந்தே தெரியும், ஆனால் பின்வாசல் வழியாகத்தான். அங்கே வாங்கிய கட்டில்களையும் அலமாரிகளையும் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கியவன் நான். முன்வாசலில் முதன்முதலாக நுழைந்தது என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகுதான்.

தட்டு இல்லாமல் போனதே காரணம். வந்திருந்த மகள் திரும்பிப் போகும்போது, "அம்மா ஞாபகமா இருக்கட்டும்பா" என்று சொல்லி வீட்டிலிருந்த பீங்கான் சாமான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். நான்தான் காகிதம் சுற்றிப் பெட்டி கட்டிக் கொடுத்தேன். கடல் தாண்டிப் போயும் ஒன்றில்கூடக் கீறல் இல்லை என்று போனில் சொன்னாள். என் கட்டு அப்படி.

வாசலில் நின்ற சீருடைக்காரன் என் செருப்பைப் பார்த்தான். அவன் கோட்டில் ஒரு பொத்தான் தொங்குவதை நான் பார்த்தேன். கணக்கு சரியாகிவிட்டது. கதவைத் திறந்துவிட்டான்.

மூன்றாம் மாடியில் சாம்பல் நிறச் சீருடையில் அந்த அம்மா நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியிருக்கும். மேசைக்குப் பின்னால் ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து, அதை மற்றக் காலின் மேல் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் கால் செருப்புக்குள் போய்விட்டது.

"வாங்க சார். நம்ம வீட்டுல எத்தனை பேரு?"

"பெரிய வீடும்மா," என்றேன். "மூணு மாடி. நானே நின்னு கட்டினது."

"அப்போ பெரிய செட்டாவே பாப்போம் சார். நம்ம வீட்டுக்குச் சின்னதா வாங்கிட்டு, திடீர்னு நாலு பேர் வந்து நின்னா கையைப் பிசைய வேண்டியதுதான்." ஒரு தட்டை எடுத்து விரல் நகத்தால் சுண்டினார். நீளமாக ஒலித்தது. "கேட்டீங்களா. நல்ல தட்டு கூப்பிட்டா குரல் குடுக்கும்."

செட்டை வாங்கிவிட்டேன்.

நம்ம வீடு என்பது நம் பேச்சில் சாதாரணம்தான். என் டிரைவர்கூட என் வீட்டை அப்படித்தான் சொல்கிறான். அது என்றைக்கும் என் காதில் தங்கியதில்லை. ஆனால் மகன் போனில், "எங்க வீட்டுக்கு வந்து இருங்கப்பா" என்பான். மகள், "அந்த வீட்டை வித்துடுங்கப்பா" என்பாள். என் வீடு 'அந்த' வீடாகி, அவர்கள் வீடு 'எங்க' வீடாகி, நடுவில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து, முன்பின் தெரியாத ஒருவர் நம்ம வீட்டுல எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்கிறார்.

அடுத்த வாரம் ஒரு மூடிபோட்ட கிண்ணம் வாங்கப் போனேன். அதற்கடுத்து ஜாடி. பிறகு கோப்பைகள்.

"ஐயா, இன்னைக்கும் தட்டா?" என்றான் டிரைவர். "நம்ம வீட்டுல பேசாம ஒரு ஓட்டல் வெச்சுடலாம்யா. சாமான் எல்லாம் ரெடி. ஆள்தான் இல்ல."

"வாயை மூடிக்கிட்டு ஓட்டுடா."

கண்ணாடிச் சாமான் பிரிவில் இருந்த பெண் நான் வருவதைப் பார்த்துவிட்டால் போதும். "நம்மக்கா, உங்க சார் வந்துட்டாரு" என்று குரல் கொடுப்பாள். கடையில் அந்த அம்மாவுக்கு அதுதான் பெயர். யாரைப் பார்த்தாலும் நம்ம, எதைத் தொட்டாலும் நம்ம. அப்படியே நம்மக்கா ஆகிவிட்டார்.

காகிதம் சுற்றும் நேரத்தில்தான் அவரிடம் பேச முடியும். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன். "நல்லா சுத்துறீங்களே சார்" என்றார் ஒருநாள். எத்தனை வீட்டுச் சாமான் சுற்றிய கை என்று விரிவாகச் சொன்னேன். அவரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இளவயதில் இந்தக் கடையில் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்தாராம். மேலே விற்பனைக்கு அனுப்பிய புதிதில், உங்க வீட்டுக்கு என்ன வேணும் என்றுதான் கேட்பாராம். யாரும் நின்று வாங்கவில்லை. பழைய மேற்பார்வையாளர் கூப்பிட்டு, "உங்கன்னு தள்ளி வெச்சா அவங்களும் தள்ளி நிப்பாங்கம்மா" என்றாராம். அன்றிலிருந்து நம்ம. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் கல்யாணப் பேச்சு தள்ளிப்போயிற்று. அவர் போன பிறகு அந்தப் பேச்சை எடுக்க யாரும் இல்லை. கடைசி பஸ் நிறுத்தத்துக்கு அப்பால் ஓர் அறையில் இருக்கிறார்.

"இந்த மாதிரி தட்டு நீங்களும் ஒண்ணு வெச்சிருப்பீங்களே?" என்றேன்.

"என் ரூமுக்கு இதெல்லாம் எதுக்கு சார். எனாமல் தட்டு ஒண்ணு இருக்கு. கீழ போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

ஒண்டி ஆளாக இருந்தாலும் எல்லாரும் எங்க வீடு என்றுதான் சொல்வோம். நான் இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் ரூம் என்றார். அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன், அவர் தேர்ந்தெடுத்த தட்டில் அவரே ஒரு வேளை எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று. வேறு எண்ணம் எதுவும் இல்லை. இந்த வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எதிர் நாற்காலியில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சமையலுக்கு ஆள் பேசினேன். மேசையை நானே துடைத்தேன். எல்லாத் தட்டையும் அடுக்கிப் பார்த்து, பிறகு இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்து உள்ளே வைத்தேன். அதன் பிறகு கடைக்குப் போனேன். பேரம் பேசுவதில் என்னை வென்ற ஆள் இந்த ஊரில் கிடையாது. அன்றைக்கு லிஃப்ட்டில் நின்று, சொல்லப்போவதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை கடை லீவுதானேம்மா. நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போங்க. நீங்க எடுத்துக் குடுத்த தட்டுலதான்."

காகிதம் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"உங்க வீட்டுக்கா சார்?"

எனக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. இத்தனை நாளில் என்னைப் பார்த்து அவர் உங்க வீடு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"அது கவுண்டர் பேச்சு சார்," என்றார் மெல்ல. "எல்லாருக்கும்தான் சொல்றேன். தப்பா எடுத்துக்கிட்டீங்களா?"

"இல்லம்மா. சாப்பாட்டுக்குத்தான் கூப்பிட்டேன்."

"தெரியும் சார். உங்களைத் தெரியாதா." தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஒரு தடவை ஒரு வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டேன்னு வைங்க, அப்புறம் இங்க நின்னு யாரு வீட்டையும் நம்ம வீடுன்னு சொல்ல வாய் வராது. எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான் சார்."

பொட்டலத்தைக் கட்டி என் பக்கம் தள்ளினார். நான் வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். லிஃப்ட்டுக்குக் காத்து நிற்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சமையல்காரர் வந்தார், சமைத்தார், பரிமாறிவிட்டுப் போனார். இரண்டு தட்டில் ஒன்று சுத்தமாகவே இருந்தது. அதையும் சேர்த்துக் கழுவி வைத்தேன்.

அதன் பிறகு ரொம்ப நாள் கடைப் பக்கம் போகவில்லை. டிரைவர் தானாகவே அந்தத் தெருவில் வண்டியைத் திருப்புவான். நேராகப் போ என்பேன். ஒருநாள் நான் சொல்லவில்லை. அவன் வாசலில் நிறுத்தினான்.

மேலே புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி நின்றுகொண்டிருந்தது. "நம்ம வீட்டுல எத்தனை பேரு?" என்று அவர் கேட்க, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. அவர்கள் போகும்வரை தூணோரம் நின்றேன். கண்ணாடிப் பிரிவுப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை குரல் கொடுக்கவில்லை.

"வாங்க சார். ரொம்ப நாளாச்சே. உங்க வீட்டுக்கு என்ன பாக்கட்டும்?"

உங்க. என்னிடம் நம்ம என்ற சொல்லுக்கு அவர் திரும்பிப் போகவில்லை.

"ஒரு தட்டும்மா," என்றேன். "எங்க வீட்டுல..." என்று தொடங்கிவிட்டு, திருத்திக்கொண்டேன். "நான் ஒருத்தன்தான்."

அவர் பரிதாபப்படவில்லை. அப்படியா என்றும் கேட்கவில்லை. குனிந்து அலமாரியின் கீழ் அடுக்கில் தேடி, விளிம்பில் நீலக்கோடு போட்ட ஒற்றைத் தட்டை எடுத்துவந்தார். "இதுக்கு ஜோடி இல்ல சார். காட்சிக்கு வெச்சிருந்தது. தனியா குடுக்கலாம்." சீருடை நுனியால் தூசியைத் துடைத்துவிட்டு நகத்தால் சுண்டினார். குரல் கொடுத்தது.

"போதுமா சார்?"

"போதும்மா."

அந்தக் கடைக்கு வராத பெரிய மனிதர் இந்த ஊரில் இல்லை. அத்தனை பேருக்கும் நம்மக்கா நம்ம என்றுதான் சொல்கிறார். என் ஒருத்தனிடம் மட்டும்தான் கவுண்டர் பேச்சை விட்டுவிட்டு உங்க என்கிறார். சந்தேகம் இருந்தால் மூன்றாம் மாடிக்குப் போய் நின்று கேட்டுக்கொள்ளலாம்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணா?" என்றான் டிரைவர். "பின்னாடி சீட்டுல வெச்சுடட்டுமா?"

"வேண்டாம். நீ ரோட்டைப் பாரு."

மடியில் வைத்துக்கொண்டேன். உடையக்கூடிய ஒற்றைச் சாமானை அப்படித்தான் கொண்டுபோக வேண்டும். இதை நான்தான் அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.